பிடு, புடி

"ஆடி மாசத்துல யாராவது புது மெஷின் வாங்குவாங்களா?" என்று கேட்டாள் காவேரி.

"இனிமே நமக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?" என்றார் கோவிந்தப்பன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. அந்த மனுஷன் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். முப்பத்திரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியாததா?

பாகலூரை ஒட்டிய அந்த வீட்டில் சித்திரை மாதக் கடைசியில் நடந்ததை மறந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் எட்டு தைலமரங்கள். அவற்றைத் தள்ளிவிட்டு, ஃபேக்டரிக்கு வேலைக்கு வரும் ஆட்களுக்கு வாடகைக்கு விட நாலு லைன் வீடு கட்டலாம் என்று சொன்னது மகன் ஹரீஷ்குமார்தான். மரம் வெட்டும் திம்மராயன் மெஷினோடு வந்தான். மரத்தின் உச்சியில் கயிறு கட்டி, மரம் வயல் பக்கம் சாய்வதற்காக ஹரீஷ் இழுத்துக்கொண்டிருந்தான். காற்று திரும்பியது. மரமும் திரும்பியது. யாரோ கத்தினார்கள். கயிற்றை விட்டுவிட்டு ஓட வேண்டிய பையன், அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்தான். அவ்வளவுதான். இருபத்தொன்பது வயது.

"திம்மராயன்தான் 'புடி'ன்னு கத்துனான். என் ரெண்டு காதால கேட்டேன்" என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார் கோவிந்தப்பன். திம்மராயன் மேல் கேஸ். அவன் மெஷின் ஸ்டேஷனில். இந்தப் பக்கமும் சரி, கர்நாடகா பக்கமும் சரி, அவனை இப்போது ஒருவரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

கத்தியது காவேரி. அந்த வீட்டில் இது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அவள் 'புடி' என்று கத்தவும் இல்லை. ஆனேக்கல் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் மாமியார் வீட்டார் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று கன்னடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். பெற்ற பிள்ளையிடம்கூடத் தமிழில்தான் கொஞ்சினாள். ஆனால் மரம் பிள்ளையின் பக்கம் திரும்பிய அந்த நேரத்தில், பிறந்த வீட்டுச் சொல்தான் வாயில் வந்தது. 'பிடு!' கன்னடத்தில் அதற்கு 'விடு' என்று அர்த்தம். மெஷின் போட்ட சத்தத்தில் பிள்ளையின் காதில் அது 'புடி' என்று விழுந்தது. விடு என்று கத்தித் தன் பிள்ளையைப் பிடிக்க வைத்துவிட்டாள், பாவி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லாரும் போன பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் மருமகள் பிரியதர்ஷினி பெட்டியைக் கட்டிக்கொண்டு பாலக்கோட்டில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். மகன் போன பிறகு காவேரிக்கு மிச்சம் அவள் ஒருத்திதான். சொல்லாவிட்டால் திம்மராயன் குடும்பம் நாசம். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கும்படி காவேரியையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று சனிக்கிழமை.

இதற்கு நடுவில்தான் இந்த மரம் அறுக்கும் மெஷின்.

முதல் மரம் விழும்போது பக்கத்து மரத்தையும் இடித்துச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அது மருமகள் பிரியா படுக்கும் சிமெண்ட் ஷீட் அறைக்கு மேலே சாய்ந்து நின்றது. ஆடிக் காற்று அடித்தால் வேரோடு முனகியது. அதை வெட்ட ஒரு ஆள் வர மாட்டேன் என்கிறான். "காவு வாங்கின மரங்க. இன்னொண்ணு கேக்கும்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். விழுந்து கிடந்த மரத்தை விறகுக்குக்கூட யாரும் எடுத்துப் போகவில்லை. மூன்று மாதமாகக் கிணற்று மேட்டில் அப்படியே கிடந்தது. நடு வீட்டில் வந்து படு என்றால் பிரியாவும் கேட்கவில்லை. "அவரு இருந்த ரூம், அத்தை" என்றாள்.

"நானே வாங்கி நானே அறுக்கறேன்" என்றார் கோவிந்தப்பன். "மெஷின் நான் புடிக்கறேன். கயிறு பிரியா புடிக்கட்டும்."

காவேரி குறுக்கே வந்து நின்றாள்.

"கயிறு நான் புடிக்கறேங்க."

"உன் முட்டிக்கு நீ ஓடுவியா?"

"அவ வேணாங்க. வேணவே வேணாம்."

"பரவால்லீங்க அத்தை, நான் புடிக்கறேன்" என்றாள் பிரியா. அவள் ஒரு உதிரிபாக ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தாள். இன்று அதற்காகவே லீவு போட்டிருந்தாள்.

ஓசூர் பஸ்ஸில் ஏறியதும் காவேரி செய்த முதல் தப்பு, காலியாக இருந்த சீட்டில் யார் பக்கத்தில் என்று பார்க்காமல் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகு திரும்பினால் கெம்பம்மா. திம்மராயன் பெண்சாதி. மடியில் துணிப்பை. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். தாலிக் குண்டு போன இடம் வெறுமையாக இருந்தது.

கெம்பம்மா எழுந்து போகவில்லை. சண்டைக்கும் வரவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி கன்னடத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"அவரு ஒந்து மாத்தூ ஆடில்லா, அக்கா."

அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அக்கா.

பதில் சொல்வாள் என்று கெம்பம்மா எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கிப் போய்விட்டாள்.

பின் சீட்டிலிருந்த பிரியா எட்டிக் கேட்டாள். "என்ன அத்தை சொன்னாங்க? எனக்கு ஒரு எழவும் புரியல."

"சும்மாதான். நல்லாயிருக்கியான்னு கேட்டா."

"அவங்களுக்கு நம்மகிட்ட கேக்க வாய் வேற வருதா?" என்றாள் பிரியா. கண் கலங்கிப்போயிருந்தது. காவேரி முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

கடை ஓசூரில், பாகலூர் ரோட்டில் இருந்தது. தண்ணீர் மோட்டார், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின் என்று வாசல் வரை சாமான். கடையை நடத்துபவள் சத்யப்ரியா. முப்பத்தைந்து வயது இருக்கும். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தாள். வாங்க, உட்காருங்க என்ற உபசாரமெல்லாம் இல்லை. நேராகக் கேட்டாள்.

"யார் ஓட்டப் போறது?"

"நான்தான்" என்றார் கோவிந்தப்பன்.

"இதுக்கு முன்னால ஓட்டிருக்கீங்களா?"

"டிராக்டர் ஓட்டுவேன்."

"அது வேற, இது வேறங்க ஐயா."

மேஜை மேல் மூன்று மெஷின்களை எடுத்து வைத்தாள். சின்னது, நடுத்தரம், பெரியது. கோவிந்தப்பனின் கை நேராகப் பெரியதன் மேல் போனது. செயின் ஓடும் பட்டை, அதாவது பார், இருபத்திரண்டு இன்ச். பார்த்தாலே ஒரு ஆளை விழுங்கும் நீளம்.

"மரம் எவ்ளோ தடிமன்?" என்று கேட்டாள் சத்யப்ரியா.

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரித்த கை கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் விரிந்தது. பிள்ளையைக் கொன்ற மரம் அவர் கண்ணுக்கு அந்த அளவு தெரிந்திருக்கிறது, என்ன செய்ய?

"சுத்தளவு நாப்பத்தெட்டு இன்ச்" என்றாள் பிரியா. "குறுக்கே பதினஞ்சு, பதினஞ்சரை வரும். நிக்கற மரமெல்லாம் அதைவிட சின்னதுதான்."

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தையல் டேப்புல அளந்தேன்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

எப்போது போய் அளந்தாள் இந்தப் பெண்? புருஷன் செத்த மரத்தைக் கட்டிப்பிடித்து டேப் சுற்றி அளக்க அவளுக்கு எப்படி மனசு வந்தது? காவேரிக்கு அங்கேயே ஓவென்று அழுதுவிட வேண்டும் போல இருந்தது.

"அப்ப பதினெட்டு இன்ச் பார் போதும்" என்றாள் சத்யப்ரியா. "மரத்தைவிட ரெண்டு இன்ச் நீளம் இருந்தா நல்லா அறுக்கும். இந்த சின்னது கிளை கழிக்கத்தான் ஆவும், தண்டுல வச்சா திணறிப்போயிடும். பெருசு உங்களுக்கு வேணாங்க ஐயா."

"ஏன், எனக்குத் தெம்பு இல்லியா?"

"தூக்கிப் பாருங்க. கையை நீட்டி ஒரு நிமிஷம் அப்படியே புடிங்க."

அவர் தூக்கினார். சத்யப்ரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நொடியில் அவர் முழங்கை நடுங்கியது. முப்பதில் பார் முனை தாழ்ந்தது. ஹரீஷ் போன பிறகு அவர் உடம்பு பாதியாகிவிட்டது. அவருக்குத்தான் அது தெரியவில்லை. மெஷினை மேஜையில் வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

"அந்த முனை தாழ்ந்து மரத்தைத் தொட்டுச்சுன்னா, மெஷின் அப்படியே மூஞ்சிக்குத் திரும்பி வரும்" என்றாள் சத்யப்ரியா. இப்போது அவள் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "நடுத்தரத்தையே எடுத்துக்குங்க. ஐம்பது சிசிக்கு மேல இருக்கு, உங்க மரத்துக்கு தாராளம்."

"செயின் பிரேக் இருக்கா? உடனே நிக்குமா?" என்று பிரியா கேட்டாள்.

"இருக்கு. இதோ, முன்னால இருக்கற இந்தக் காப்பைத் தள்ளுனா கண் மூடித் தெறக்கறதுக்குள்ள நிக்கும். எந்த மெஷின் எடுத்தாலும் இது இல்லாம எடுக்காதீங்க. பெட்ரோல்ல டூ-டி ஆயில் கலந்துதான் ஊத்தணும், வெறும் பெட்ரோல் ஊத்துனா இஞ்சின் போச்சு. செயினுக்கு ஆயில் தனி. முதல் பத்து நாள் கீழ கிடக்கற மரத்துலதான் பழகணும். நிக்கற மரத்துகிட்ட போகவே கூடாது."

கடைசியில் பெரிய ஹெட்போன் மாதிரி ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இதைக் காதுல மாட்டிக்கணும். மாட்டுனா பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காது. மாட்டாட்டியும் ஒழுங்கா கேக்காது. நம்ம ஊர்ல தமிழு, கன்னடம், தெலுங்கு, இப்ப இந்தி வேற. மெஷின் ஓடுனா எல்லாம் ஒரே இரைச்சல்தான். ஒருத்தர் ஒண்ணு சொல்ல இன்னொருத்தர் ஒண்ணு செய்வாங்க. வாயால சொல்றதே வேணாம்." மேஜை டிராயரிலிருந்து ஒரு சிவப்பு விசிலை எடுத்தாள். "இது மட்டும் கேக்கும். ஒரு தடவை ஊதுனா நிறுத்து. விடாம ஊதுனா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடு."

"வாயால சொன்னதுலதாம்மா எங்க பையன் போனான்" என்றார் கோவிந்தப்பன்.

சத்யப்ரியா விசிலில் கயிறு கோத்து, அங்கே சும்மா நின்றிருந்த காவேரியின் கழுத்தில் அவளே மாட்டிவிட்டாள்.

காவேரி அதைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தர் ஒண்ணு சொல்ல இன்னொருத்தர் ஒண்ணு செய்வாங்க. முன்பின் தெரியாத ஒரு பெண் கடை மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு போகிற போக்கில் சொல்லிவிட்டாள். கட்டின புருஷனிடம் இதைச் சொல்ல மூன்று மாதமாகத் தனக்கு வாய் வரவில்லையே என்று அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பாக வந்தது.

வீடு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்றாள் காவேரி. யார் கேட்டார்கள்? கோவிந்தப்பன் ஆயிலை அளந்து கலந்து, பெட்ரோல் ஊற்றி, நேராகக் கிணற்று மேட்டுக்குப் போய்விட்டார். கீழே கிடக்கிற மரத்தில் பழகச் சொன்னார்கள் அல்லவா? கீழே கிடந்தது அந்த மரம்தான்.

மரம் கிடந்த இடம் சரிவு. கீழே பத்தடியில் துவைக்கிற கல். அதை ஒட்டிக் கிணறு. சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. அறுத்த துண்டு உருண்டு கிணற்றில் விழாமல் இருக்க, அடியில் கல் முட்டுக் கொடுத்தார். துண்டில் கயிறு கட்டி மேட்டுப் பக்கம் பிரியாவின் கையில் கொடுத்தார்.

"உருண்டா இழுத்துப் புடி. முடியலன்னா விட்டுடு. கிணத்துல விழுந்தா விழட்டும்."

"சரிங்க மாமா."

காவேரி விசிலை வாயருகே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஸ்டார்ட்டர் கயிற்றை மூன்றாவது முறை சுண்டியதும் மெஷின் பிடித்துக்கொண்டது. சித்திரைக்குப் பிறகு அந்தச் சத்தம் அந்த வீட்டில் அன்றுதான் கேட்டது. காவேரி பிரியாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தம் இல்லை.

முதல் துண்டு சமர்த்தாக விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. கோவிந்தப்பன் நிமிர்ந்து ஒரு தரம் தலையை ஆட்டினார். மூன்று மாதத்தில் அந்த மனுஷன் முகத்தில் உயிர் வந்தது அப்போதுதான். மூன்றாவது துண்டு அடிமரம், நல்ல கனம். அவர் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். முதுகு பிரியாவின் பக்கம்.

முட்டுக் கல் நழுவியதைக் காவேரிதான் பார்த்தாள்.

துண்டு முறிந்து உருண்டது. கயிறு விறைத்தது. பிரியா ஒரு எட்டு முன்னால் போனாள், இன்னொரு எட்டு போனாள். விசில் காவேரியின் உதட்டிலேயே இருந்தது. ஊதினால் போதும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? விசிலைத் துப்பிவிட்டுக் கத்தினாள்.

"பிடு! பிடு! பிடு!"

பிரியா அவளைப் பார்த்தாள். புரிந்தது என்று தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டுக் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

அவனும் அன்று இதேபோலத்தான் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

துண்டு பிரியாவைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. அவள் குப்புற விழுந்தாள். புழுதியில் அவள் உடம்பு தேய்ந்துகொண்டு போவதைப் பார்த்தபடி காவேரி ஓடினாள். முட்டியாவது மண்ணாவது, ஓடினாள். மரத் துண்டு துவைக்கிற கல்லில் மோதி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. கல் மட்டும் அங்கே இல்லாவிட்டால் அடுத்தது கிணறுதான்.

"ஐயோ கண்ணு! என் தங்கமே! கையக் காட்டுடி!"

பிரியாவின் உள்ளங்கை உரிந்து ரத்தம் வழிந்தது. முழங்கை, கன்னம் எல்லாம் சிராய்ப்பு. அவள் அழவில்லை. மூச்சு வாங்கியது.

"ஏன்டி புடிச்ச? விட்டுட்டு ஓட வேண்டியதுதானேடி!"

"நீங்கதானே அத்தை 'புடி, புடி'ன்னு கத்துனீங்க?"

"'பிடு'ன்னேன்டி! விடுன்னு… எங்க பாஷையில விடுன்னு சொன்னேன்டி!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது காவேரிக்குத் தெரிந்தது.

பிரியா தன் கையைப் பார்த்தாள். கயிறு இரண்டு சுற்றுச் சுற்றிய தடம் மணிக்கட்டில் சிவப்பாகப் பதிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியை விலக்கிப் புருஷனின் கையைப் பார்த்தபோது அவள் கண்டதும் இதே தடம்தான். அதை அவள் மறப்பாளா? மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"அன்னிக்குக் கத்துனது யாரு அத்தை?"

காவேரி அவள் கையை விடாமல் முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள்.

"திம்மராயனா?"

"இல்ல."

"யாரு?"

"நானே."

தமிழிலும் அது நானேதான். கன்னடத்திலும் நானேதான். எந்தக் காதுக்கும் மாறி விழ வழியில்லாத ஒரு சொல் அன்றைக்குத்தான் அவளுக்குக் கிடைத்தது.

பிரியா தன் கையை மாமியாரின் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். கோபமாக உருவவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. உரிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அந்த அடிமரத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்விடுவாள். இன்றைக்கே போய்விடுவாள் என்று காவேரிக்குத் தோன்றியது. போகட்டும், ஒன்றும் சொல்ல முடியாது. உயிரோடு போகிறாளே, அதுவே போதும்.

துண்டு உருண்டால் உருளட்டும் என்று அடுத்த வெட்டைத் தொடங்கியிருந்த கோவிந்தப்பன் இப்போதுதான் திரும்பினார். காதில் அந்தப் பெரிய கவசம். மருமகள் புழுதியும் சிராய்ப்புமாக இருப்பதும், பெண்சாதி பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தன. பேசியது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. மெஷினை அணைத்துக் கீழே வைத்தார். கவசத்தைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னாச்சு? ஏம்மா பிரியா, என்னாச்சு? இவ ஏன் இப்படி உக்காந்திருக்கா? இன்னா சொன்னா இவ?"

காவேரி கண்ணை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை ஸ்டேஷனில் நடக்க வேண்டியது சனிக்கிழமையே கிணற்றடியில் நடக்கப் போகிறது. நடக்கட்டும். வாயைத் திறந்தாள். பிரியா முந்திக்கொண்டாள்.

"விடத்தான் சொன்னாங்க மாமா." குரல் உடைந்து, திரும்பச் சேர்ந்தது. "கயித்த விடத்தான் சொன்னாங்க. எங்களுக்குத்தான் வேற மாதிரி கேட்டுடுச்சு."

கோவிந்தப்பன் மருமகளின் ரத்தக் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்த இரண்டு தடத்தைப் பார்த்தார். கழற்றிய கவசம் அவர் விரலிலிருந்து நழுவி விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"எங்களுக்குன்னா?" என்றார். "எப்ப சொன்னா? இன்னிக்கா, அன்னிக்கா?"